துப்பறிவதல்ல குற்றவியல்

நவி மும்பை நெருளில் ஒரு பெண் "கிரிமினாலஜி படிக்கப் போறேன்" என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி: "போலீஸ் வேலையா? பொம்பளைப் பிள்ளைக்கு அது எதுக்கு?" அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது தவறான தகவலில் பிறந்த பயம்.

குற்றவாளியைப் பிடிப்பது போலீஸ். ரத்தக்கறையை ஆராய்வது தடயவியல். அதற்கு மும்பை கலினாவில் ஆய்வகம் இருக்கிறது. ஒருவர் ஏன் குற்றத்துக்குள் போனார், சிறை அவரை என்ன செய்தது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதுதான் குற்றவியல்.

இதைப் படிக்க வெளிநாடு போக வேண்டும் என்பதும் சரியல்ல. நெருளில் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் கோவண்டி. பக்கத்தில் தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். அது 1990இல் தொடங்கிய 'பிரயாஸ்' திட்டத்தின் சமூகப் பணியாளர்கள் சிறைக்குள்ளேயே போய் விசாரணைக் கைதிகளுக்கு உதவுகிறார்கள். மும்பைத் தாராவியின் தமிழர் பலருக்குப் பூர்வீகமான திருநெல்வேலியிலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இத்துறை உண்டு.

சிறைக்குள் அப்படி என்ன வேலை என்பவர்கள் 1978இன் மோத்திராம் வழக்கைப் பார்க்க வேண்டும். அவர் மத்தியப் பிரதேசக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும் வெளியே வர முடியவில்லை. கீழ்க்கோர்ட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. சகோதரர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைத் தள்ளி, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். பிழைக்க வந்த ஊரில் கையெழுத்துப் போட ஆளில்லாத கைதிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டைத் தேடிப் போவது, ரேஷன் கார்டு வாங்கி வருவது, வக்கீலிடம் பேசுவது எல்லாம் இந்தப் படிப்பு படித்தவர்கள் செய்யும் வேலை.

'குற்றவியலாளர்' என்ற பெயரிலேயே இருக்கும் பதவிகள் குறைவு; இதை மறைக்கக் கூடாது. சிறை, சிறார் நீதி, தொண்டு நிறுவனம், கல்லூரி என்று தேடத்தான் வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடம்.

எல்லாவற்றிலும் கொடிய நம்பிக்கை, குற்றம் ரத்தத்தில் ஊறியது என்பது. 1871இல் தொடங்கிய, முழுச் சமூகங்களையே குற்றவாளிகளாகப் பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அதன்மேல் நின்றது. அதன்படி கைரேகை வைக்க மறுத்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. அந்தச் சட்டம் நாடு முழுக்க ஒழிய 1952 ஆனது. நம்பிக்கை ஒழியவில்லை; தாராவி விலாசத்தைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.