முதியோர் பழமை நினைதல்

முதியோர் பழங்கதை பேசுவதை அறிவுத்தளர்ச்சி என எள்ளுவாருளர். அஃது வாழ்வை மீளநோக்கும் இயல்பே என 1963இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் எடுத்துரைத்தார். 1993இல் ஜெஃப்ரி வெப்ஸ்டர் 43 கூற்றுகளால் ஓர் அளவுகோல் வகுத்தார். இளையோர்க்கு உரைத்தல், பழங்கசப்பைக் கிளறுதல், இறந்தாரை நெஞ்சில் நிறுத்தல், சாவுக்கு ஒருங்குதல் முதலிய நோக்கங்களில் எதன்பொருட்டு எத்துணை அடிக்கடி நினைக்கின்றனர் என்பதை அது வினவும். அதன் சுருக்க வடிவம் சீன முதியோரிடத்தும் ஆயப்பட்டது.

திருப்பூர்ப் பாட்டனார் ஒருவர் நொய்யலின் தெளிநீரை நினைந்து பேசுகிறார் எனக் கொள்வோம். சாயக்கழிவால் அவ்வாறு கெட்டதும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடப் பணித்ததும் யாவரும் அறிந்தவை. அவர் பேச்சு கசப்போ, பேரனுக்குப் பாடமோ? கேட்போர் தாமே துணிதல் கூடாது. அவரையே வினவல் வேண்டும். அளவுகோலின் சிறப்பு இதுவே. ஆயின், ‘சிலவேளை’, ‘அடிக்கடி’ எனக் கட்டமிட்ட தாளை நீட்டினால், எங்கள் பாட்டனார், “முதலில் உட்கார், சொல்கிறேன்” என்பார்.