மாதர் சங்கத்தின் மாலைக் கூட்டம்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பு அறியாதவர் புதியராய் வீட்டிற்கு வருதலின் அவரை விருந்தினர் என்றனர். வீட்டார் விருந்தினர்க்கு உணவு அளிப்பர்; விருந்தினரோ தாம் கண்டனவும் கேட்டனவுமாகிய புதிய செய்திகளை வீட்டார்க்கு அளித்துச் செல்வர். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும், கேள்விக்கு ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். நூல்களைக் கற்க வாய்ப்பில்லாதவரும் கற்றோர் கூறுவனவற்றைக் கேட்டு அறிவு பெறலாம் என்பதும், அவ்வறிவு தளர்ந்த காலத்தில் ஊன்றுகோல்போல் உதவும் என்பதும் அவர் கருத்து. விருந்தோம்பலும் கேள்வியும் ஒருங்கே நிகழும் இடம் ஒன்று சிற்றூர்களில் உண்டு. அதுவே மாதர் சங்கத்தின் மாலைக் கூட்டம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடையே பசுமையாகக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1996-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் இஃது உள்ளது. பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கில் இறங்குகின்றது. நெல்லும் வாழையும் தென்னையும் அந்நீரால் செழிக்கின்றன. இங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இச்செழிப்பிற்குப் பெண்டிர் சிந்தும் வியர்வை சிறிதன்று. நாற்று நடுவோரும் களை எடுப்போரும் திராட்சைக் குலைகளைப் பறித்துப் பெட்டிகளில் அடுக்குவோரும் பெரும்பாலும் அவர்களே. பலர் வைகறைக்கு முன்னரே எழுந்து, சோற்றுத் தூக்குடன் ஜீப்புகளில் ஏறிக் கம்பம்மெட்டையும் போடிமெட்டையும் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலையிலும் மகளிர் பலர் உள்ளனர். பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் அவர்களுக்கு அங்கே அடுப்பும் தண்ணீர்க் குடமும் காத்திருக்கின்றன. ஆகவே, அத்தகைய ஒருத்தி மாலைப் பொழுதில் ஒரு மணி நேரத்தைச் சங்கத்திற்குக் கொடுப்பாளாயின், அது தன் உறக்கத்தினின்று அவள் ஈந்த நேரமாகும். அந்நேரத்திற்கு ஈடான பயனைக் கூட்டம் அவளுக்குத் தருதல் வேண்டும். மாதர் சங்கத்தின் பொறுப்பு இதனால் பெரிதாகின்றது.

சிற்றூர்ப் பெண்டிர் கூடிப் பேசுவதால் என்ன பயன் விளையும் என்று ஐயுறுவோர்க்கு உலக வரலாற்றிலேயே விடை உண்டு. கனடா நாட்டில் அடிலேட் ஹூட்லெஸ் என்னும் அம்மையார் இருந்தார். அவர் தம் கைக்குழந்தையை 1889-ஆம் ஆண்டில் இழந்தார். தூய்மையற்ற பாலே அச்சாவிற்குக் காரணம் என்று அவர் கருதினார். பாலைக் காக்கும் முறையைத் தாய்மார்க்கு யாரேனும் சொல்லியிருந்தால் தம் குழந்தை பிழைத்திருக்குமே என்னும் எண்ணம் அவரை வாட்டியது. துயரத்தில் மூழ்கிவிடாமல், இல்லக் கல்வியைப் பரப்புவதையே அவர் தம் தொண்டாகக் கொண்டார். 1897-ஆம் ஆண்டில் ஸ்டோனி கிரீக் என்னும் சிற்றூரில் உழவர்கள் கூடிய கூட்டத்திற்கு அவர் விருந்துப் பேச்சாளராக அழைக்கப்பட்டார். ஆடவர்க்குக் கழகம் இருத்தல்போல் உழவர் வீட்டு மகளிர்க்கும் கழகம் வேண்டும் என்று அவர் அங்கு எடுத்துரைத்தார். அடுத்த வாரமே நூற்றொரு மகளிர் திரண்டு வந்தனர். உலகின் பல நாடுகளில் கிளைத்த கிராம மாதர் கழகங்களுக்கு அவ்வூரே பிறப்பிடமாயிற்று. விருந்தாக வந்த ஒருவரின் பேச்சு, கேட்டவர் உள்ளத்தில் விதையாக விழுந்து மரமாயிற்று.

தமிழகத்திலும் இம்முயற்சி பழமையானதே. 1917-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட் அம்மையார் அதன் தலைவராயினார். மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசர் முதலியோர் அதனை வளர்த்தனர். அவ்வாண்டின் இறுதியில், சரோஜினி நாயுடு தலைமையில் மகளிர் குழு ஒன்று இந்தியா மந்திரி மான்டேகுவைச் சென்னையில் கண்டு, பெண்டிர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. 1921-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் அவ்வுரிமையை வழங்கியது. ஆயினும் சொத்தும் வரியும் பற்றிய நிபந்தனைகள் இருந்தமையால் அன்று அதனைப் பெற்ற மகளிர் சிலரே. இச்சங்கத்தின் ஆதரவோடு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபை உறுப்பினராகி, 1927-ஆம் ஆண்டில் அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார்.

நகரில் தோன்றிய ஒளி சிற்றூர்களை அடையச் சில காலம் ஆயிற்று. 1947-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமம் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவர்கள் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் ஆவர். செல்வக் குடியில் பிறந்த சௌந்தரம் அம்மையார், தில்லியில் மருத்துவம் பயின்றும் நகர வாழ்வை நாடாமல் சிற்றூர் மக்களிடையே வந்து தங்கினார். கஸ்தூரிபா நினைவு நிதியின் பணியில் ஈடுபட்ட அவர், ஊர்தோறும் சென்று தாய் சேய் நலம் காக்கும் பெண்களைப் பயிற்றுவித்தார். 1962-ஆம் ஆண்டில் மத்திய அரசின் கல்வித் துணை அமைச்சராகவும் ஆயினார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அதன் வழியாக ஊர்கள் பலவற்றில் மாதர் சங்கங்கள் அமைந்தன. கிராம சேவிகைகள் தெருத்தெருவாகச் சென்று பெண்டிரை அழைத்துக் கூட்டினர்.

மாலைக் கூட்டத்திற்கு ஆடம்பரம் வேண்டுவதில்லை. பள்ளித் திண்ணையோ ஊர்ச் சாவடியோ போதும். விரித்த பாய், ஒரு விளக்கு, ஒரு குடம் தண்ணீர், ஒரு கணக்கேடு ஆகியவையே அதன் உடைமைகள். முதலில் சிறுமியர் கும்மியடிப்பர், கோலாட்டம் ஆடுவர். முதியோர் தாலாட்டும் நடவுப் பாட்டும் பாடுவர். விடுகதை போட்டு இளையோரை மடக்குவர். நாள் முழுதும் குனிந்து உழைத்த முதுகு நிமிரவும் வாய்விட்டுச் சிரிக்கவும் இவை உதவுகின்றன. அதன்பின் செயலாளர் சென்ற கூட்டத்தின் முடிவுகளைப் படிப்பார். பிறகே விருந்தினர் பேசத் தொடங்குவார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து சுண்டல் உண்டு பிரிவர்.

ஒரு மாலை, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலி ஒருவர் விருந்தினராக வந்துள்ளார் எனக் கொள்க. வயிற்றுப்போக்கால் துன்புறும் குழந்தையைக் காப்பது பற்றி அவர் பேசுகிறார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் தலைதட்டி அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும் என்கிறார். உடனே பின்வரிசையில் அமர்ந்துள்ள மூதாட்டி ஒருவர் எழுந்து கேட்கிறார்: “தாயி, தண்ணீர் கொடுத்தால் பிள்ளைக்கு இன்னும் அதிகமாகப் போகாதா? எங்கள் காலத்தில் தண்ணீரை நிறுத்தித்தானே வைத்தோம்?”

சிலர் நகைக்கின்றனர். செவிலி நகைக்கவில்லை. “நல்ல கேள்வி, ஆத்தா! மடை உடைந்து வயலிலுள்ள நீரெல்லாம் வடிகிறது. உடைப்பை அடைக்கும்வரையில் வாய்க்கால் நீரையும் நிறுத்திவிடலாமா?” என்று திருப்பிக் கேட்கிறார்.

மூதாட்டி சற்றே சிந்திக்கிறார். “நிறுத்தினால் பயிர் காய்ந்துவிடுமே!” என்கிறார், பின்பு தாமே, “பிள்ளையும் அப்படித்தான் போலும்!” என்று மெல்லக் கூறி அமர்கிறார். அவ்விடையைக் கேட்ட பெண்டிர் அதனை மறத்தல் அரிது. குழந்தையின் கண்கள் குழிந்தாலும், அது மயங்கிச் சோர்ந்தாலும், சிறுநீர் கழியாதிருந்தாலும் சிறிதும் தாழ்க்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்க என்று எச்சரித்துச் செவிலி தம் பேச்சை முடிக்கிறார்.

இந்த எளிய நீரின் ஆற்றலை உலகம் கண்ட வரலாறும் அறியத்தக்கது. 1971-ஆம் ஆண்டில் வங்கதேசப் போரின்போது, அகதிகள் தங்கிய முகாம்களில் வாந்திபேதி கொடுமையாகப் பரவியது. நரம்பின் வழியே செலுத்தும் மருந்துநீர் தீர்ந்துபோகவே, பொங்கான் என்னும் ஊரில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை வாய்வழியே புகட்டச் செய்தார். புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளியின் தாயரும் உறவினருமே. நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பிலிருந்த இடத்தில் நூற்றுக்கு நான்கிற்கும் கீழாகக் குறைந்தது. படிப்பறியாத தாயின் கையும், சொல்லிக் கொடுப்பார் இருந்தால், உயிர் காக்கும் கையாகும் என்பதை இந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

செவிலியைப் போலவே பிறரும் சங்கத்திற்கு விருந்தினராகலாம். வேளாண்மை அலுவலர் திராட்சைக் கொடிக்கு மருந்து தெளிக்குங்கால் முகத்தையும் கையையும் காத்துக்கொள்ளும் முறையைக் கூறலாம். வங்கி அலுவலர் சேமிப்புக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் விளக்கலாம். வழக்கறிஞர் சட்டத்தை எளிய சொற்களில் எடுத்துரைக்கலாம். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்கு உண்டு எனத் தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. 2005-ஆம் ஆண்டில் அஃது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் திருத்தமாக நாடெங்கும் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அஃது உரியவள் செவிக்கும் எட்ட வேண்டும்.

எனினும், எல்லாக் கூட்டங்களும் பயன் தருவன அல்ல. மாலை அணிந்து, தம் பெருமையையே பேசி, கேள்விக்கு இடமளியாமல் விரைந்து செல்லும் விருந்தினரும் உளர். அவர் பேச்சு பாறைமேல் பெய்த மழையாம். வேறொரு குறையும் உண்டு. நண்பகலில் கூட்டம் வைத்தால், கூலிக்குச் செல்லும் பெண்டிர் அதில் கலந்துகொள்ள இயலாது; வசதி படைத்தோர் சிலரே கூடிக் கலைவர். ஒரு தெருவினர் பாயிலும் மற்றொரு தெருவினர் வாயிற்படியிலும் அமர்ந்தால், அது சங்கம் என்னும் பெயருக்கே இழுக்காகும். எல்லோர்க்கும் ஏற்ற பொழுதும், எல்லோர்க்கும் ஒரே பாயும் சங்கத்தின் முதல் இரண்டு விதிகளாதல் வேண்டும்.

பிறர் பேசக் கேட்பதோடு சங்கத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. இன்று கேட்டவள் நாளை பேசுதல் வேண்டும். 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபின், மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழகமெங்கும் பெருகின. அக்குழுக்களில் கணக்கெழுதவும் கருத்துரைக்கவும் பெண்டிர் பழகினர். 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தத்தால் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் மகளிர்க்கு ஒதுக்கப்பட்டன. 1996-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழகத்துப் பெண்டிர் அவ்விடங்களில் அமர்ந்தனர். 2016-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அப்பங்கைப் பாதியாக உயர்த்தியது. ஊராட்சி மன்றத்தில் எழுந்து நின்று குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் கேட்க வேண்டியவள், முதலில் பாயில் அமர்ந்திருக்கும் தன் தோழியர் நடுவே எழுந்து நிற்கப் பழகுதல் வேண்டும். அப்பழக்கத்தைத் தரும் பள்ளியே மாதர் சங்கம். தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் முதல் வினாவே அப்பள்ளியின் முதற் பாடம்.

இப்பணியில் மாணவ மாணவியர்க்கும் பங்குண்டு. சங்கத்தின் கணக்கேட்டைப் படித்துக் காட்டலாம். விருந்தினர் கூறியவற்றைத் தெளிவாக எழுதிச் சுவரில் ஒட்டலாம். இவற்றினும் உயர்ந்த தொண்டு ஒன்று வீட்டிலேயே உள்ளது. கூட்டம் நடைபெறும் மாலையில் தங்கையைத் தூங்க வைப்பதும், தண்ணீர் எடுத்து வைப்பதும், உலையை இறக்கி வைப்பதும் மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் உரிய கடமைகளாகும். வீட்டுக் கவலையின்றி அன்னை அப்பாயில் அமர்ந்து கேட்பாளாயின், அவள் பெற்றுவரும் அறிவு வீட்டார் அனைவர்க்கும் பயன்படும். ஆகவே, அன்னையைச் சங்கத்திற்கு அனுப்பிவைப்பது பிள்ளைகள் அவளுக்குச் செய்யும் சிறந்த கைம்மாறாகும்.