காவலரின் முகம் எந்தப் பக்கம்?

அன்புள்ள தம்பி,

ஆங்கிலேயர் கப்பல் தளங்களுக்குப் போலீஸ் போட்டது கடல்வழி வரும் எதிரியைத் தடுக்கத்தான் என்று எழுதியிருந்தாய். அந்தமானில் போர்ட் பிளேரின் ஹேடோ ஜெட்டியைத் தினமும் பார்க்கும் நீயுமா இப்படி நினைக்கிறாய்? எதிரியைப் பார்த்துக்கொள்ளப் பீரங்கி இருந்தது. தளத்துக் காவலரின் முகம் எப்போதும் உள்பக்கமே திரும்பியிருந்தது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சாட்சி மரத்துண்டு. இங்கிலாந்துக் கடற்படைத் தளங்களில், வேலை முடிந்ததும் கழிவுத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போவது தச்சர்களின் பழைய உரிமை. நாளடைவில் நல்ல மரத்தையே தோளில் சுமக்கும் அளவுக்கு அறுத்துக் ‘கழிவு’ ஆக்கினார்கள். 1801இல் அந்த உரிமையை எடுத்துவிட்டு, ஈடாகக் காசு கொடுத்தார்கள். 1834இல் தளங்களுக்கெனத் தனிப் போலீஸ் வந்தது. 1860 முதல் லண்டன் மாநகரப் போலீசே போர்ட்ஸ்மவுத், சாத்தம் முதலிய தளங்களை ஏற்றது. வாயிலுக்கு வெளியே 15 மைல் வரை அதன் அதிகாரம் சென்றது. வணிகத் துறைமுகத்திலும் இதே கதைதான்: தேம்ஸ் நதிக் காவலைப் பற்றிப் பாட்ரிக் கால்குஹூன் 1800இல் எழுதிய நூலைப் படித்துப் பார். துறைமுகத் தொழிலாளர் 33,000 பேரில் 11,000 பேரைத் திருடர் என்கிறார். அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. ஆனால் காவல் யார்மீது கண் வைத்தது என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டாம்.

இனி உன் ஊருக்கு வா. ஹேடோவை ஒட்டியும் ஒரு சாத்தம் இருக்கிறதே, அந்தத் தீவில்தான் 1858 மார்ச் 10 அன்று சிறைக் குடியிருப்பின் கண்காணிப்பாளர் வாக்கர் 200 கைதிகளுடன் இறங்கினார். காவலுக்கு உடன் வந்தது கடற்படைப் பிரிவு. இங்கே திருடு போகக்கூடியது மரமல்ல, ஆள். அடுத்த மாதமே அருகிலுள்ள ராஸ் தீவிலிருந்து கைதி துத்நாத் திவாரியும் வேறு கைதிகளும் மரம் வெட்டித் தெப்பம் கட்டித் தப்பினார்கள். கரையில் கிடக்கும் ஒவ்வொரு கட்டையும் படகும் அன்றைய காவலுக்குச் சிறைக்கதவுதான். அதைப் பார்த்துக்கொள்ள வெளியாள் போதவில்லை. கைதிகளிலேயே நன்னடத்தை உள்ளவர்களைப் பொறுக்கி, டிண்டல், ஜமேதார் என்று பதவி கொடுத்து மற்றவர்களை மேய்க்க விட்டார்கள்.

நன்னடத்தை என்றதும் ஷேர் அலி நினைவுக்கு வருகிறான். முன்பு பஞ்சாபில் குதிரைப் போலீசில் இருந்தவன். இங்கே நாவிதனாக நடமாட அனுமதி பெற்ற கைதி. 1872 பிப்ரவரி 8 மாலை, ஹோப்டவுன் ஜெட்டியில், சுற்றிலும் காவலர் நிற்க, வைஸ்ராய் மேயோவைக் கத்தியால் குத்தினான். அவன் கடல் தாண்டி வந்த எதிரியா, சொல்!

சிறைக் குடியிருப்பின் காவல் விதிகளைப் படிக்கும்போது, படகுக்குப் பக்கத்தில் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதை மட்டும் தனித்தாளில் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்