பைனரி லாக்கை அழிக்கும் முன்
மைஎஸ்க்யூஎல் முதன்மை சர்வரின் பைனரி லாக் கோப்புகளைப் படித்தே நகல் சர்வர்கள் தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. 8.0 பதிப்பு இவற்றை இயல்பாக 30 நாள் (25,92,000 விநாடி) வைத்திருக்கும். வட்டு நிரம்பினாலும், இவற்றை ‘ஆர்எம்’ கட்டளையால் நேரடியாக நீக்கவே கூடாது. லாக் கோப்புகளைப் பட்டியலிடும் இண்டெக்ஸ் கோப்பில் அவற்றின் பெயர் அப்படியே நின்றுவிடும். முதலில் ஒவ்வொரு நகலிலும் ‘ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்’ கொடுத்து, எந்தக் கோப்புவரை படித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மிகவும் பின்தங்கிய நகல் 000412-இல் நின்றால், ‘பர்ஜ் பைனரி லாக்ஸ் டூ’ கட்டளையில் அந்தக் கோப்பின் பெயரையே தரலாம். அதற்கு முந்தையவை மட்டும் நீங்கும். இணைப்பில் உள்ள நகல் படிக்கும் கோப்பை சர்வரே காக்கும். இணைப்பு அறுந்த நகலுக்கு அந்தக் காவல் இல்லை: அது படிக்க வேண்டிய கோப்பு நீங்கியிருந்தால், திரும்பி வந்ததும் 1236 பிழை வரும்; பெரும்பாலும் முழுத் தரவையும் புதிதாக நகலெடுக்க நேரும். கடைசி பேக்கப்புக்குப் பிந்தைய கோப்புகளைத் தொடவே கூடாது. மீட்புக்கு அவை வேண்டும்.