புராணபடனமும் பிள்ளைகளின் சமய அடையாளமும்

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஒரு பிள்ளையின் பெயரையும் பெற்றோரின் விபரங்களையும் காட்டும். அப்பிள்ளை சைவப் பிள்ளை என்பதைக் காட்டுவது அதன் வாழ்க்கையேயாகும். சமய அடையாளம் பிறப்போடு மட்டும் வருவதன்று, பழக்கத்தினால் உருவாகின்றது.

1619 இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமானது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. கோயில் இல்லாத காலத்தில் வீடுதான் கோயிலாயிற்று. விரதம் இருந்தோர் உண்ட வாழையிலையைக் கூரையில் ஒளித்துவைத்தனர் என்பது செவிவழிச் செய்தி. பிற்காலத்தில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் (1822 - 1879) 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் எழுதி, சைவத்தைப் பிள்ளைகளின் நாளாந்தப் பாடமாக்கினார்.

கோயில்களில் இப்பணியைச் செய்து வந்தது புராணபடனமாகும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். கந்தபுராணம், பெரியபுராணம், மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம், விநாயக விரதத்தில் பிள்ளையார் கதை என்று ஆண்டு முழுவதும் படிப்பு நிகழும். பள்ளிக்கூடம் அதிகம் காணாத கமக்காரரும் சூரபன்மன் கதையை நன்கு அறிந்திருந்தமைக்கு இதுவே காரணம். யாழ்ப்பாணத்து வாழ்க்கை முறையைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அழைத்ததும் இதனாலேயே. சூரன் அழிக்கப்படவில்லை, சேவலும் மயிலுமாகி முருகப்பெருமானோடு சேர்க்கப்பட்டான். பகைவனுக்கும் அருளும் இக்கதையை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சைவம் இன்னதென்று தனியாக உபதேசிக்க வேண்டியதில்லை.

இன்று இத்தொடர்ச்சி மெலிந்து வருகின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பின்னர் பலர் கடல்கடந்து குடியேறினர். சென்ற இடங்களிலும் கோயில் எழுப்பினர். ஜேர்மனியின் ஹம் நகரில் 2002 இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் அதற்குச் சான்று. ஆயினும் ஊர்க் கோயில்கள் பலவற்றில் புராணம் படிப்போர் முதியோராகவே உள்ளனர். அவர் வராத நாளில் ஒலிபெருக்கியில் இறுவட்டு ஒலிக்கின்றது. இறுவட்டு பாடும், ஆனால் அது ஒரு பிள்ளையையும் அருகில் அழைத்து இருத்தாது.

ஆகவே பிள்ளைகளுக்குக் கோயிலில் ஒரு பங்கு கொடுத்தல் வேண்டும். வாசிப்பவர் பக்கத்தில் ஒரு மாணவனையோ மாணவியையோ இருத்தி, நாளுக்கு ஒரு செய்யுளாவது வாசிக்கச் செய்யலாம். வீட்டில் மாலை விளக்கேற்றியதும் தேவாரம் பாடும் முறையைப் பிள்ளைகளுக்கு மாறி மாறிக் கொடுக்கலாம். திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை வீதியில் ஒதுங்கி நின்றால், மாலை கட்டவோ பிரசாதம் வழங்கவோ அழைக்கலாம்.

உச்சரிப்புப் பிழைத்தால் சிரிக்கலாகாது. கோயிலில் ஒருமுறை நகைப்புக்குள்ளான பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. பிழையை மெல்லத் திருத்தி, அடுத்த நாளும் வரச் சொல்லும் பெரியவரே அப்பிள்ளையின் அடையாளத்தைக் காப்பவர். இராசகோபுரத்தைப் பணம் கொடுத்து எழுப்பலாம். அதன் கீழ் நின்று தேவாரம் பாடும் பிள்ளையை ஊரார் சேர்ந்தே வளர்த்தெடுக்க வேண்டும். அதற்கு எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.

சுபம்