கண்ணாரச் சேவிப்போம்

எம்பெருமானுடைய நிலைகள் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என ஐந்து என்பது அன்பர்கள் அறிந்ததே. இவற்றைத் தாகம் கொண்டவன் நாடும் நீருக்கு ஒப்பிட்டு ஸ்ரீவசனபூஷணத்தில் விளக்கியருளினார் பிள்ளை லோகாசாரியர். அண்டத்தைச் சூழ்ந்த நீர் போன்றது பரம். பாற்கடல் போன்றது வியூகம். நிலத்தடி நீர் போன்றது அந்தர்யாமி. ராம கிருஷ்ணாதி அவதாரங்களாகிய விபவமோ, பெருக்கெடுத்து ஓடிவிட்ட ஆறு. அவ்வாறு வடிந்த பின்னும் தேங்கி நிற்கும் மடுவைப் போன்றது, திருக்கோயில்களில் எழுந்தருளியிருக்கும் அர்ச்சாவதாரம்.

விபவம் சென்ற காலத்தது. பரமபதம் இனி வரவிருக்கும் பேறு. அர்ச்சையோ நிகழ்காலத்துக்கு உரியது. இப்பொழுதே, இங்கேயே அள்ளிப் பருகலாம் என்பதே உவமையின் உட்பொருள். தாகத்தோடு வந்தவன் மடுவின் கரையில் நின்று நீரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அவன் தாகம் தீருமா?

புகைப்படக் கலை உலகறிய வெளிவந்தது 1839-ஆம் ஆண்டில். ஒரு சுருளில் 36 படங்களே எடுக்கலாம் என்றிருந்த நாளில், எதை எடுப்பது என்று எண்ணிப் பார்த்தே எடுத்தார்கள். இன்று கைப்பேசியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. காஞ்சி அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குளத்தினின்று எழுந்தருள்பவர். 1979-இல் சேவிக்க வந்தோரில் படக்கருவி வைத்திருந்தவர் மிகச் சிலர். 2019-இலோ கைப்பேசி இல்லாதார் அரியர். அடுத்த சேவை 2059-இல். அத்தகைய பெறற்கரிய கணத்தைத் திரையில் பார்த்துக் கழிப்பது எத்துணை இழப்பு!

அமெரிக்க உளவியல் பேராசிரியை லிண்டா ஹென்கெல் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சில பொருள்களைப் படமெடுக்கவும், சிலவற்றை வெறுமனே நோக்கவும் செய்து, மறுநாள் அவர்தம் நினைவைச் சோதித்தார். முழுதாகப் படமெடுத்த பொருள்களை அவர்கள் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். ஆயினும் ஒரு பகுதியை அணுகி நோக்கி எடுத்தபோது இக்குறை தோன்றவில்லை. எனவே குறை கருவியில் இல்லை, மனம் ஊன்றாமையில்தான் என்று கொள்ளலாம்.

மனம் ஊன்றிச் சேவிக்கும் முறையை நமக்குக் காட்டியவர் திருப்பாணாழ்வார். திருவரங்கனைக் கண்டவர் ஒரே பார்வையில் அனைத்தையும் வாரிக்கொள்ள முயலவில்லை. திருவடி, பீதாம்பரம், திருவுந்தி, உதரபந்தம், திருமார்பு, திருக்கழுத்து, திருவாய், திருக்கண்கள் என ஒவ்வொன்றாக ஈடுபட்டு, பின்பு திருமேனி முழுதும் அநுபவித்தார். பத்தே பாசுரங்களில், இக்கண்களுக்கு இனி வேறு காட்சி வேண்டாம் என்று தலைக்கட்டினார்.

இதனால் புகைப்படமே தகாதது என்பதன்று. அனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலினின்று 1978-இல் களவுபோன ஸ்ரீராமன், ஸீதாபிராட்டி, இளையபெருமாள் திருமேனிகள் இங்கிலாந்திலிருந்து 2020-இல் மீண்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-இல் எடுத்து வைத்திருந்த படங்களே அவற்றை அடையாளம் காட்டின. நடக்கவியலாத முதியோருக்கும் வீட்டிலுள்ள திருவுருவப் படமே சேவை தருகிறது. ஆவணமாகவும் நினைவூட்டாகவும் படம் போற்றத்தக்கதே. ஆயினும் சந்நிதியில் நிற்பவன் முன் இருப்பது படமன்று, எம்பெருமானே எழுந்தருளியிருக்கிறான். அவன் கடாட்சிக்கும்போது நம் கண்கள் வேறெங்கோ இருக்கலாமா?

2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகத் திருக்கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. தடைக்கு அஞ்சி அடக்குவதினும் விருப்பத்தோடு அடக்குவது சிறப்பு. கொடிமரத்தருகே தண்டனிடும்போதே கைப்பேசியை மறந்துவிடுவோம். சந்நிதியில் திருவடி தொடங்கித் திருமுடி ஈறாகக் கண்களை மெல்ல ஏற்றுவோம். தீர்த்தமும் சடாரியும் பெற்றபின், பிராகாரத்தில் சற்றே அமர்ந்து, கண்ட சேவையை அதே முறையில் நெஞ்சில் நிறுத்துவோம். இல்லம் திரும்பியதும், வர இயலாதோர்க்கு அன்றைய சாற்றுப்படியை வாயாரச் சொல்வோம். கேட்பவர்க்கும் சேவித்த பலன் கிட்டும். சொல்பவர்க்கோ சேவை இருமடங்காகும்.

உத்ஸவத்துக்கு எழுந்தருளியுள்ள அடியார் அனைவருக்கும் இப்பேறு வாய்க்கப் பெருமாள் திருவுள்ளம் பற்றுவானாக.