மூவிடப்பெயரும் உடைமைப்பெயரும்

ஆங்கில இலக்கணம் கற்கும் நம் மாணாக்கர்க்கு மயக்கந் தருவனவற்றுள் மூவிடப்பெயர், உடைமைப்பெயர் என்னும் இரண்டும் அடங்கும். பட்டியலைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கனும் வாக்கியம் எழுதுமிடத்துத் தடுமாறுகின்றான். இம்மயக்கத்தை நீக்குங் கருவி நம் வேற்றுமையிலக்கணத்திலேயே உண்டு.

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் தம் பழைய வேற்றுமை உருபுகளிற் பெரும்பாலனவற்றை இழந்துவிட்டன. தன்மை, முன்னிலை, படர்க்கை காட்டும் பெயர்களோ அவற்றின் சுவட்டை இன்றும் காத்து நிற்கின்றன. 'ஹீ' என்பது அவன். 'ஹிம்' என்பது அவனை அல்லது அவனுக்கு. 'ஹிஸ்' என்பது அவனது. முன்னைய இரண்டும் மூவிடப்பெயர். ஆறாம் வேற்றுமைப் பொருள் தருவதாகிய மூன்றாவது உடைமைப்பெயர்.

பெண்பாலிலேதான் ஐயம் மிகும். 'ஹேர்' என்னும் ஒரு சொல்லே அவளை, அவளுக்கு, அவளது என்னும் மூன்றற்கும் வரும். 'ஐ கேவ் ஹேர் புக்ஸ்' என்பதற்கு 'அவளுக்கு நூல்கள் கொடுத்தேன்' எனவும், 'அவளுடைய நூல்களைக் கொடுத்தேன்' எனவும் இரு பொருள் கொள்ளலாம். இத்தகைய இடத்தில் ஆண்பாற் சொல்லை இட்டு நோக்குக. 'ஹிம்' பொருந்தின் மூவிடப்பெயர். 'ஹிஸ்' பொருந்தின் உடைமைப்பெயர்.

உடைமைப்பெயரும் இருவகைப்படும். 'மை' என்பது நம் 'என்' போலப் பின்னே ஒரு பெயரை வேண்டி நிற்கும். 'மைன்' என்பது 'என்னுடையது' போலத் தனித்து நிற்கும். 'யுவர்', 'யுவர்ஸ்' என்பனவும், 'தெயர்', 'தெயர்ஸ்' என்பனவும் அவ்வாறே. 'ஹிஸ்' மட்டும் இரண்டிடத்தும் வடிவு மாறாது.

அஃறிணைக்குரிய 'இற்ஸ்' என்பது 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னர் 'ஹிஸ்' என்பதே அஃறிணைக்கும் வழங்கிற்று. 'அதனுடைய' என்னும் பொருளில் வரும் 'இற்ஸ்' என்பதற்குத் தலைமேற் குறி இடலாகாது. 'இற் இஸ்' என்னும் இரு சொற்கள் சுருங்கியவிடத்தே அக்குறி வரும். 'அதனது' எனப் பெயர்த்துப் பார்க்கப் பொருள் அமையுமாயின் குறி வேண்டா.

இனி, மொழிபெயர்ப்போர் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. கந்தன் வேலனைக் கண்டபின் 'ஹிஸ்' காணியை விற்றான் என ஆங்கிலத்தில் எழுதின், விற்கப்பட்டது எவன் காணி? தமிழிலே 'தன் காணி' என்றால் அது கந்தனுடையதே. வேலனுடையதாயின் 'அவன் காணி' என்போம். நாம் இரு சொல்லாற் பிரித்துணர்த்துவதை ஆங்கிலம் ஒரு சொல்லுள் அடக்கிவிடுகின்றது. ஆகவே உறுதியையோ விண்ணப்பத்தையோ ஆங்கிலத்தில் எழுதுவோர், ஐயம் தோன்றுமிடத்து உடையவன் பெயரையே மீண்டும் எழுதுதல் வேண்டும். ஒரு சிறு சொல்லின் மயக்கம் ஒரு குடும்பத்தை வழக்கில் இழுத்துவிடவுங் கூடும்.

தமிழிலக்கணத்தைப் புறக்கணித்தால் ஆங்கிலம் விரைவில் வசப்படும் என எண்ணுவார் உளர். உண்மை அதற்கு மாறானது. 'அவளை', 'அவளுக்கு', 'அவளது' என்னும் வேறுபாட்டைத் தன் மொழியில் தெளிந்தவனே 'ஹேர்' என்பதன் மூன்று பொருளையும் பிரித்தறிவான். மாணாக்கர் இரு மொழியிலக்கணங்களையும் அருகருகே வைத்துக் கற்பாராக. பெற்றோராகிய பழைய மாணவரும் தம் மக்களை அந்நெறியில் ஊக்குவாராக.